சாந்து பூசிய குழாய்

நவம்பர் 3, திங்கள்

காலையிலேயே மெழுகு உறைந்துவிட்டது. அதே குழாய், அதே இடம். உருக்குத் தொட்டியிலிருந்து பூச்சு இயந்திரம் வரை கட்டைவிரல் தடிமனில் ஒரு குழாய் போகிறது. அதற்குள் மெழுகு தேன் மாதிரி ஓடினால்தான் காகிதக் கோப்பைகளுக்கு உள்பூச்சு விழும். இயந்திரத்தைத் தொட நாலடி இருக்கும்போது உள்ளேயே கெட்டியாகி உட்கார்ந்துகொள்கிறது. ஃபோர்மேன் என்னைத் தேடி மேலேயே வந்துவிட்டார்.

"மேடம், குளிர் இன்னும் சரியா ஆரம்பிக்கவே இல்ல. அதுக்குள்ள இப்படி."

"இன்னொரு சென்டிமீட்டர் சாந்து பூசுங்க" என்றேன்.

வெப்பம் தாங்கும் சாந்து. தரையைத் தினமும் தண்ணீர் அடித்துக் கழுவுவதால் அங்கே பஞ்சு உறை போட முடியாது, நனைந்து சொதசொதவென்று ஆகிவிடும். குழாய் போட்டபோதே முதல் பூச்சு நான் சொல்லித்தான் பூசினார்கள். போன மாதம் இரண்டாவது. இப்போது மூன்றாவது. உறைகிறது என்றால் உறை போதவில்லை என்றுதானே அர்த்தம்?

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். சின்னவளும் வந்து நின்றாள். குழாயை உள்ளங்கையால் மெல்லப் பிடித்துப் பார்த்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

"என்ன பார்க்கறே?"

"ஒண்ணுமில்லக்கா."

இந்த 'ஒண்ணுமில்ல' இருக்கிறதே, அது என்னை என்ன பாடு படுத்துகிறது என்று அவளுக்குத் தெரியாது.

நவம்பர் 5, புதன்

எனக்குப் பொறாமையா? ஆமாம். பொறாமைதான். எழுதிவிட்டேன். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்?

சின்னவள் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. நாங்கள் கீழ் வீடு, அவர்கள் மேல் வீடு. அது போதாதென்று இரண்டு மாதமாக அலுவலகத்திலும் எனக்குப் பக்கத்து மேஜை. யார் வாங்கிக் கொடுத்த வேலை? நான்தான். "பாவம், படிச்சிட்டு வீட்டுல இருக்கா, ஒரு வார்த்தை சொல்லேன்" என்று இவர் கேட்டார். நானும் பெருந்தன்மையாகப் போய்ச் சொன்னேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

வெப்பப் பிரிவுத் தலைவர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவருடைய கண்ணாடி அறைக்கு யார் என்று மேலாளர்தான் முடிவெடுக்க வேண்டும். மேலாளருக்கு நாங்கள் எல்லோரும் வைத்த பெயர் தெர்மாஸ். காலையில் எதை ஊற்றினாலும் சாயங்காலம் வரை அதே சூட்டில் உள்ளே வைத்திருப்பார். வெளியே தொட்டால் ஒன்றும் தெரியாது. அந்த அறைக்காக நான் பதினோரு வருஷமாகக் காத்திருக்கிறேன். பெரிய நீராவிக் குழாய், கொதிகலன், உலை எல்லாவற்றுக்கும் உறை போட்டது இந்தக் கைதான். போன மாதம் வரை எனக்குப் போட்டியாக ஒரு பெயர் கூடக் கிடையாது.

இன்று தெர்மாஸ் நடைபாதையில் அவளிடம் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். இந்த மனிதருக்குப் பல் இருக்கிறது என்றே எனக்கு இன்றுதான் தெரியும்.

நவம்பர் 7, வெள்ளி

மூன்றாவது பூச்சு காய்ந்தது. குழாய் இப்போது முழங்கை தடிமன். இன்று இயந்திரத்துக்கு ஆறடி முன்னாலேயே உறைந்தது. மெழுகுதான் மட்டம். வாங்குகிற இடத்தை மாற்றச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

அத்தை இன்று மாடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். துண்டு, சோப்பு, மாற்றுப் புடவை எல்லாம் கையில் பிடித்துக்கொண்டு, என் முன்னாலேயே படி ஏறிப் போனார்.

"ஏன் அத்தை, நம்ம வீட்டுல தண்ணி வரலையா?"

"வருது. சின்னவ வீட்டுல நல்லா சூடா வருதும்மா. உடம்புக்கு இதமா இருக்கு."

இரண்டு வீட்டுக்கும் ஒரே வெந்நீர்த் தொட்டி, மொட்டை மாடியில் இருக்கிறது. அவள் வீட்டுக் குளியலறை அதற்கு நேர் கீழே. எங்களுக்கு வருகிற மெல்லிய குழாய் மாடியைச் சுற்றிக்கொண்டு வெளிச்சுவர் வழியாக இறங்கி வருகிறது. வருவதற்குள் பாதிச் சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். இதில் சின்னவளின் சாமர்த்தியம் என்ன இருக்கிறது? ஆனால் அத்தை சொல்வதைக் கேட்டால் அவளே உட்கார்ந்து ஊதிக் காய்ச்சிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

"நீ இந்த வேலைதானேம்மா பார்க்கறே? இதைச் சரி பண்ணக் கூடாதா?" என்று வேறு கேட்டார். இவர் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்று காகிதம் ஆடுவதில் தெரிந்தது.

அவள் கல்யாணமாகி வந்து மூன்று வருஷத்தில் ஒரு தடவை கூடக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் "பரவாயில்லக்கா". துணிக் கொடியை நான் முழுக்கப் பிடித்துக்கொண்டாலும் "பரவாயில்லக்கா". போன வருஷம் அவள் குடையைத் தொலைத்தேன், அதற்கும் அதேதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் வாய்விட்டுக் கத்தி நான் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். (கண்ணாடி அறை வேண்டும்.)

நவம்பர் 12, புதன்

கூட்டம். மெழுகுக் குழாய்தான் பேச்சு. நான் நாலாவது பூச்சு என்றேன், மெழுகு வாங்குகிற இடத்தை மாற்ற வேண்டும் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தெர்மாஸ் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவளைக் கேட்டார். வந்து இரண்டு மாதம் ஆன ஆளை!

அவள் எழுந்து சொன்னாள்: "சாந்து முழுக்கத் தட்டி எடுத்துடலாம் சார். வெறும் குழாயா இருந்தாலே சூடு இதை விடக் குறைவாத்தான் வெளிய போகும்."

அறையே சிரித்தது. குளிருக்குப் போட்ட கம்பளியைக் கழற்றினால் குளிர் குறையும் என்கிறாளே! ஃபோர்மேன் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பொத்திக்கொள்ளவில்லை. எல்லோரையும் விட சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அவள் முகம் மாறவில்லை. "சாந்து அவ்வளவு நல்ல உறை இல்ல சார். சூட்டைக் கொஞ்சம்தான் தடுக்கும். ஆனா மெல்லிசு குழாய்ல பூசப் பூச வெளித்தோல் பெருசாகிட்டே போகுது. தடுக்கிறதை விட, வெளிய விடுற பரப்பு வேகமா வளருது."

"சுவர்ல இருந்து கொதிகலன் வரைக்கும் நான் உறை போட்டுத்தான் சூட்டைப் பிடிச்சிருக்கேன்" என்றேன். "தடிமன் கூடினா இழப்பு குறையும். இது பள்ளிக்கூடப் பாடம்மா."

"சுவருக்கு சரிதான்க்கா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். சுவருக்குச் சரி. அப்படியென்றால் எனக்குச் சுவர் மட்டும்தான் தெரியுமா? அத்தனை பேர் முன்னால் இதற்கு என்ன அர்த்தம்?

தெர்மாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "இருபத்தஞ்சாம் தேதி ரெண்டு பேரும் கணக்கோட வாங்க. குழாய்க்கு என்ன செய்யறதுன்னு அன்னைக்கு முடிவு பண்ணிடலாம்." பிறகு எழுந்திருக்கும்போது, போகிற போக்கில்: "அந்த ரூம் விஷயத்தையும் அதுக்கப்புறம் பார்த்துடலாம்."

வெளியே வந்து, "சிரிச்சிட்டேன், தப்பா எடுத்துக்காதே" என்றேன். மரியாதைக்கு.

"பரவாயில்லக்கா."

நவம்பர் 13, வியாழன்

கணக்குப் போட்டேன். என் பழைய அட்டவணை. எத்தனையோ வருஷமாக என்னைக் கைவிடாதது. ஒரு மீட்டர் குழாய்க்கு வெப்ப இழப்பு: சாந்து இல்லாமல் நாற்பத்தைந்து வாட், ஒரு பூச்சுக்கு முப்பத்தெட்டு, இரண்டுக்கு முப்பத்திரண்டு, மூன்றுக்கு இருபத்தெட்டு. படிப்படியாக அழகாக இறங்குகிறது. இதை அப்படியே திரையில் போட்டால் போதும், நான் வாயே திறக்க வேண்டாம்.

பிறகு ஏன் உறைகிறது? மெழுகு மட்டம். சொன்னேனே.

அப்படியென்றால் பழைய மெழுகு ஒரு டப்பா கிடந்ததை இன்று விட்டுப் பார்த்தார்கள், அதுவும் ஏன் உறைந்தது? — தூக்கம் வருகிறது.

நவம்பர் 15, சனி

ஒரு யோசனை. கணக்கைக் கணக்கால் அடித்தால் அவள் மறுபடி 'சுவருக்கு சரிதான்க்கா' என்பாள். செய்து காட்டிவிட்டால்? மெல்லிய குழாய் வேறெங்கே இருக்கிறது? எங்கள் வீட்டு வெளிச்சுவரில்! அதே கட்டைவிரல் தடிமன், உள்ளே சூடான தண்ணீர், வெளியே குளிர்ந்த காற்று. சாந்து பூசினால் எங்கள் வீட்டுக்கும் சூடாக வரும், அத்தை படி ஏறுவதும் நிற்கும், கூட்டத்தில் அவள் வாயும் அடைபடும். நினைக்க நினைக்க இனித்தது.

அவளும் கொழுந்தனும் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், அடுத்த வாரக் கடைசியில்தான் வருவார்கள். அவள் லீவு எடுத்தது எனக்கு வசதியாகப் போயிற்று. மீந்து கிடந்த சாந்து மூட்டையை ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தேன். முதலில் இருக்கிறபடி அளந்தேன். குழாயைச் சிறு ஓட்டமாகத் திறந்துவிட்டு வாளியில் வெப்பமானி. தொட்டியில் நாற்பத்தெட்டு, எங்கள் குளியலறையில் முப்பத்தொன்பது. பிறகு இவரை மாடிக்குக் கூப்பிட்டுச் சாந்து குழைக்கச் சொன்னேன்.

"இது நம்ம வீட்டுக் குழாய்தானே? ஆபீஸ் குழாய் இல்லையே?" என்று கேட்டார்.

"குழைங்க."

இரண்டு சென்டிமீட்டர், ஒரு இடம் விடாமல். ஏணி மேல் நின்று கீழ் வரை பூசினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. குழாய் இப்போது மாவுக்கட்டு போட்ட கால் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், அழகுப் போட்டியா?

நவம்பர் 16, ஞாயிறு

தொட்டியில் நாற்பத்தெட்டு. எங்கள் குளியலறையில் முப்பத்து நான்கு.

சாந்து ஈரம். ஈரம் காயும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். காயட்டும்.

நவம்பர் 18, செவ்வாய்

நன்றாகக் காய்ந்துவிட்டது, நகத்தால் சுண்டினால் டங்கென்கிறது. முப்பத்து நான்கு.

சரி, சாந்தே சூடேறக் கொஞ்ச நேரம் பிடிக்கும் அல்லவா? அரை மணி நேரம் தண்ணீரை ஓட விட்டுவிட்டு மறுபடி அளந்தேன். முப்பத்து நான்கு. வெப்பமானியை மாற்றினேன். முப்பத்து நான்கு. வெப்பமானிகள் எல்லாம் சின்னவள் கட்சியில் சேர்ந்துவிட்டன.

மகள் பல் கிட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வெளியே வந்தாள். "அம்மா, நீ ஏதோ பண்ணி இருந்ததையும் கெடுத்துட்ட. சித்தி வந்ததும் நானும் பாட்டியோட அவங்க வீட்டுக்கே போறேன்."

"போ. பெட்டி படுக்கையோட போ" என்று கத்தினேன். குழந்தை முகம் சுண்டிப்போயிற்று. அவளிடம் ஏன் காட்டினேன்?

நவம்பர் 20, வியாழன்

லீவு போட்டேன். தலைவலி என்று சொன்னேன். பொய்யில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து கணக்குப் போட்டேன். அட்டவணையைத் தொடவில்லை; வெறும் தாள், பென்சில். சுவரில் சூடு ஒரே அகலத்தில் நேராக வெளியே போகும், அதனால் தடிமனை அப்படியே போட்டுவிடலாம். உருளையில் அப்படி இல்லை. வெளியே வர வர வட்டம் விரிந்துகொண்டே போகிறது. அங்கே தடிமனுக்குப் பதில் வெளி ஆரத்தை உள் ஆரத்தால் வகுத்து மடக்கை, அதாவது லாக், எடுக்க வேண்டும். கடைசியில் காற்றுக்குச் சூட்டை விடுகிற வெளிப்பரப்பையும் புது அளவில் போட வேண்டும். இது எனக்குத் தெரியாதா? கல்லூரியில் முழு மதிப்பெண் வாங்கிய பாடம்! ஆனால் நான் வேலை பார்த்ததெல்லாம் ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய குழாய்கள். அங்கே சுவரும் உருளையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுவர்க் கணக்கையே அட்டவணையில் போட்டு வைத்தேன். அது சரியாகவே வந்துகொண்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டு வந்து விரல் மாதிரி குழாய்க்கும் போட்டிருக்கிறேன்.

வெறும் குழாய்: நாற்பத்தைந்து.
ஒரு பூச்சு: எழுபத்தொன்று.
இரண்டு: எண்பத்திரண்டு.
மூன்று: எண்பத்தாறு.

ஏறுகிறது. பூசப் பூச ஏறுகிறது. இந்தச் சாந்துக்கும் அந்தக் காற்றுக்கும் ஐந்து சென்டிமீட்டர் ஆரம் வரை ஏறிக்கொண்டே போகும், அதற்குப் பிறகுதான் இறங்க ஆரம்பிக்கும். மெழுகு உறைகிறது என்று ஒவ்வொரு தடவையும் நானே இன்னும் கொஞ்சம் ஆற வைத்திருக்கிறேன்.

அவள் சொன்னது சரி. எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன். கையால் தொட்டுப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஐயோ, ஏன் இவளுக்கு? எனக்கு ஏன் இல்லை? எனக்குத்தானே முதலில் தெரிந்திருக்க வேண்டும்? என் குழாய்டீ அது!

நவம்பர் 21, வெள்ளி

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பழைய அட்டவணையைக் காட்டுவது. தெர்மாஸுக்கு உருளைக் கணக்கு தெரியாது, என் பதினோரு வருஷம் தெரியும்; என்னைத்தான் நம்புவார். அறை எனக்கு. அப்புறம் மெழுகு உறைந்துகொண்டே இருக்கும், நானும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, முதல் ஆளாக நானே எழுந்து, "மறுபடி பரிசீலித்துப் பார்த்ததில்..." என்று ஆரம்பித்து இந்தப் புதுக் கணக்கை விரிப்பது. அவள் இரண்டு வரியில் சொன்னதை நான் இருபது படத்தில் சொன்னால் அது என்னுடையதாகிவிடும். அவள் என்ன செய்வாள்? 'பரவாயில்லக்கா' என்பாள். அறை எனக்கு.

மூன்றாவது வழியை எழுதப் பிடிக்கவில்லை.

குளிக்கும்போது இரண்டாவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். 'மறுபடி பரிசீலித்துப் பார்த்ததில்.' நன்றாகத்தான் வருகிறது. தண்ணீர்தான் ஜில்லென்று இருக்கிறது. "அந்த மாவுக்கட்டை உடைச்சுடட்டா?" என்று இவர் கேட்கிறார். தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். உடைத்தால் தோற்றேன் என்று ஊருக்கே தெரிந்துவிடாதா?

நவம்பர் 23, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

நேற்று அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். காலையில் துணி உலர்த்த மாடிக்குப் போனால் அவள் எனக்கு முன்னால் அங்கே நிற்கிறாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து, வெளிப்பக்கம் இறங்குகிற குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை நீட்டி உள்ளங்கையால் பிடித்தாள். அதே மாதிரி. காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

நான் வாளியோடு படிக்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் திரும்பினாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு: அதே சாந்து, அதே தடிமன் குழாய், கூட்டத்துக்கு முன்னால் நான் எதற்குப் பூசினேன், பூசி என்ன கண்டேன், எல்லாம். இனி நான் அந்தப் பழைய அட்டவணையைக் காட்டினால் அது தெரிந்தே சொல்கிற பொய் என்று உலகத்தில் ஒரு ஆளுக்குத் தெரியும்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏளனமாகவாவது சிரித்திருக்கலாம், நான் சிரித்தேனே!

"அக்கா, துணிக் கிளிப் ஏதாவது இருக்கா?" என்றாள்.

கொடுத்தேன். இரண்டு பேரும் துணி உலர்த்தினோம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தெர்மாஸ் வந்து உட்கார்ந்ததும் நான் எழுந்திருக்கத் தயாரானேன். எந்த வழியில் பேசப் போகிறேன் என்று சத்தியமாக எனக்கே அப்போது தெரியாது. இரண்டு கோப்பும் கையில் இருந்தது. அவர் அவள் பக்கம் பார்த்து, "முதல்ல நீங்க சொல்லுங்க" என்றார்.

அவள் எழுந்தாள். கையில் ஒரு தாள் கூட இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"அக்காவும் நானும் சேர்ந்துதான் சார் கணக்குப் பார்த்தோம். அக்கா எங்க வீட்டு வெந்நீர்க் குழாய்லயே செஞ்சு அளந்து பார்த்துட்டாங்க. சாந்தை எடுத்துடணும்ங்கறதுல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்தான்."

உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெர்மாஸ் முகத்தில் ஒரு திருப்தி. "அப்ப நல்லதாப் போச்சு. அனுபவம் இருக்கிற ஆளே செஞ்சு பார்த்துட்டா..." என்று ஆரம்பித்தார். நான் வாயை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும். அறை வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை. பிச்சை போடுகிறாளா? எனக்கா? நான் கேட்டேனா? குடை போனால் பரவாயில்லை, கொடி போனால் பரவாயில்லை, இப்போது இதுவும் பரவாயில்லையா? இதையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு அந்த அறையில் நான் உட்கார்ந்திருக்கும்போது அவள் ஒவ்வொரு தடவையும் கடந்து போவாள், அதே அமைதியான முகத்தோடு. அதற்கு நான் செத்துவிடலாம்.

எழுந்தேன். "இல்ல சார். நாங்க சேர்ந்து ஒண்ணும் பார்க்கல. அவதான் கண்டுபிடிச்சா. நான் சிரிச்சேன், நீங்க எல்லாரும்தான் பார்த்தீங்களே. அவ தப்புன்னு காட்டறதுக்குத்தான் வீட்டுக் குழாய்க்குச் சாந்து பூசினேன். இருந்த சூடும் போச்சு. நான் போட்டது சுவர்க் கணக்கு, இது உருளை. மூணு பூச்சும் நான் சொல்லிப் பூசினது. மூணுமே தப்பு."

என் குரல் கடைசியில் கிறீச்சிட்டது. ஃபோர்மேன் தரையைப் பார்த்தார். தெர்மாஸ் ரொம்ப நேரம் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"நாளைக்கே தட்டி எடுத்துடுங்க" என்றார் ஃபோர்மேனிடம். பிறகு என்னிடம், "மேடம், உங்களுக்குக் கோபம் வந்தா நல்லாப் பேசறீங்க."

நடைபாதையில் அவள் வேகமாக வந்து என் பக்கத்தில் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க? நான்தான் சொல்லிட்டேனே?"

"உன் தர்மம் எனக்கு வேண்டாம்."

"தர்மமா? நான் அப்படி நினைச்சா..." நான் காத்திருந்தேன். இப்போது வரும், பரவாயில்லக்கா. வரவில்லை. திரும்பி விடுவிடுவென்று போய்விட்டாள்.

நவம்பர் 26, புதன்

சாந்தைத் தட்டி எடுத்தார்கள். வெறும் குழாய். மெழுகு இயந்திரம் வரைக்கும் நிற்காமல் ஓடியது. ஃபோர்மேன் குழந்தை மாதிரி கை தட்டினார். மேலே நனையாத நுரை உறையும் போடலாமாம், அது கொஞ்சமாகப் போட்டாலும் சூட்டைப் பிடிக்குமாம். அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். சரி பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஒரு தப்பாவது இருக்காதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

அறை அவளுக்கு.

குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அழக்கூட ஒரு நல்ல சூடான தண்ணீர் கிடையாது இந்த வீட்டில். இவர் கதவைத் தட்டி, "நீ அன்னைக்குச் சும்மா இருந்திருக்கலாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "சும்மா இருந்திருந்தா நீயா இருக்க மாட்டே" என்றார். ஆறுதலா, குத்தலா? கேட்கவில்லை.

அத்தை எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். அதுதான் அதிகம் சுட்டது.

டிசம்பர் 1, திங்கள்

கண்ணாடி அறையில் அவள். நான் தலை நிமிர்ந்தால் நேரே தெரிகிறாள். மேஜையை நகர்த்திப் போட்டுக்கொண்டேன்; இப்போது ஜன்னல் கண்ணாடியில் தெரிகிறாள்.

அவள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, அவளே வந்தாள். மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு தாளை நீட்டினாள். மற்ற மெல்லிய குழாய்களுக்கெல்லாம் நுரை உறைக் கணக்கு. பார்த்தேன். குழாயைத் தாங்குகிற இரும்புக் கவ்விகள் வழியாகப் போகிற சூட்டை விட்டுவிட்டிருந்தாள்! பெரிய குழாயில் நான் எத்தனை தடவை பட்டிருக்கிறேன் அதை. உலகம் கொஞ்சம் வெளிச்சமானது.

"கவ்வி எங்கே? ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டை மாதிரி. இதைச் சேர்க்காம கணக்கா இது?"

குனிந்து பார்த்தாள். காது மடல் சிவந்தது. "பரவாயில்ல..." என்று ஆரம்பித்தாள்.

"பரவாயில்லையா? என்ன பரவாயில்ல? தப்புன்னா தப்புன்னு சொல்லு!"

"தப்புதான்" என்றாள். வெடுக்கென்று. தாளைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் திருத்திக் கொண்டுவந்து, உட்காராமல், என் மேஜை மேல் டப்பென்று வைத்தாள்.

டிசம்பர் 4, வியாழன்

பொறாமை போய்விட்டதா? இல்லை. காலையில் அந்தக் கதவில் புதிதாக மாட்டிய பெயர்ப் பலகையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் அத்தை துண்டோடு எங்கள் குளியலறைக்குள்ளேயே போனார். "ஏன் அத்தை, மாடிக்குப் போகலையா?" என்றேன். "இங்கேயே நல்லா வருதேம்மா" என்றார், என்னவோ நான் இதுவரை ஒளித்து வைத்திருந்த மாதிரி.

வெப்பமானி வைத்தேன். நாற்பத்து நான்கு.

மாடிக்கு ஓடினேன். மாவுக்கட்டு இல்லை. கைப்பிடிச் சுவரோரம் சாந்துத் துண்டுகள் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தது. குழாய் நெடுக கறுப்பு நுரை உறை, மேலே பளபளவென்று நாடா. ஒவ்வொரு கவ்விக்கு அடியிலும் தனியாக ஒரு துண்டு நுரை வெட்டி வைத்திருந்தாள். அவள்தான், நாடா முனையை அவள் மட்டும்தான் அப்படி மடித்து ஒட்டுவாள். ஏணி போட்டு இறங்கிச் செய்திருக்கிறாள், நேற்று நாங்கள் வெளியே போயிருந்த நேரத்தில். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

உள்ளங்கையால் குழாயைப் பிடித்துப் பார்த்தேன். கைக்குச் சூடே தெரியவில்லை. எல்லாம் உள்ளேயே இருந்தது.

நன்றி சொல்லப் போகவில்லை. கீழே வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். குழாயை முழுக்கத் திறந்தேன். ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியது. தலைக்கு ஊற்றினேன், தோளுக்கு ஊற்றினேன், அந்த ஏணியில் விட்டுப்போன இடுப்புக்கு ஊற்றினேன். எத்தனை வாளி என்று தெரியாது. தொட்டியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குளித்தேன்.

மேலே தடதடவென்று காலடிச் சத்தம். அப்புறம் ஜன்னல் வழியாக வீடே அதிர்கிற மாதிரி ஒரு குரல்:

"அக்காஆ! என்ன பண்றீங்க கீழே? தலையெல்லாம் சோப்பு! ஜில்லுனு வருது! குழாயை மூடுங்கக்கா முதல்ல!"

இன்னும் ஒரு வாளி பிடித்துக்கொண்டேன்.